யாரும் அசையக்கூடாது

சினிமாப் படிப்பில் சேர்ந்துவிட்டேன் என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து எல்லோரும் அம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் தம்பி கெல்வின் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. வருஷக்கணக்காகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, முதுகு போய் வீட்டில் உட்கார்ந்தவள், பேத்தி எடுக்கிற வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போகிறாளா என்று அவனுக்கு ஒரே கேலி. கதாநாயகி வேஷமா என்று கேட்டான். வில்லனுக்குத்தான் ஆள் தேடுகிறார்கள், உன் பேரைக் கொடுத்திருக்கிறேன் என்றேன். என் வாய் முகூர்த்தம், அப்படியே பலித்தது.

கெல்வின் டயர் கடையில் வேலை செய்கிறான். ஆறடிக்கு மேல் உயரம், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற தோள், எங்கள் எல்லோரையும் விடக் கறுப்பு. அமெரிக்காவின் இந்த ஒஹாயோ ஊரில் அந்த உடம்போடு அவன் எதிரே வந்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பதோ பச்சைப்பிள்ளை. பொறியில் விழுந்த எலியைக்கூடத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவன்.

எங்கள் மாதிரிக் கறுப்பர் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. போலீஸ்காரனைப் பார்த்தால் கையை வெளியே காட்டு, குரலை உயர்த்தாதே, பைக்குள் கை விடாதே, உயிரோடு வீடு வந்து சேர். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்தாள். அவனுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அன்றைக்கு உதவவில்லை.

எங்கள் கம்யூனிட்டி காலேஜில் கீழே நர்ஸ் படிப்பு, பக்கத்தில் வெல்டிங், மாடியில் டிஜிட்டல் சினிமா. வகுப்பில் எல்லோருக்கும் கேமரா வேண்டும், சவுண்டு யாருக்கும் வேண்டாம். கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவ ஆள் தேடுகிற மாதிரி வாத்தியார் பெண்டர் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அவர் கண் என் மேல் நின்றது. சரி, காது நன்றாகத்தானே இருக்கிறது என்று நானும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

பெண்டர் சனிக்கிழமைகளில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். படப்பிடிப்பில் அவர் கண்டிப்பாகச் சொன்ன சட்டங்கள் இரண்டு. கேமரா ஓடும்போது 'கட்' என்று சொல்லும் உரிமை டைரக்டருக்கு மட்டும்தான். வானமே இடிந்து விழுந்தாலும் அவர் சொல்லும்வரை நடிகர் நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது சட்டம் சவுண்டுக்காரருக்கு. ஒரு இடத்தில் படம்பிடித்து முடித்ததும் சவுண்டுக்காரர் "ரூம் டோன்" என்று கத்துவார். உடனே அத்தனை பேரும் இருந்த இடத்தில் இருந்தபடி உறைந்து நிற்க வேண்டும். தும்மக்கூடாது, சொறியக்கூடாது. அந்த இடத்தின் மௌனத்தை ஒரு நிமிஷம் பதிவு பண்ணி வைத்தால்தான் பிறகு படத்தை வெட்டி ஒட்டும்போது ஓட்டை தெரியாது. திறந்தவெளியில் எடுத்தாலும் அதற்குப் பேர் ரூம் டோன்தான். சவுண்டுக்காரர் "எடுத்தாச்சு" என்று சொல்லும்வரை டைரக்டரே ஆனாலும் சிலைதான்.

அந்த ஒரு நிமிஷ ராஜ்ஜியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஸ்ஸில் கடைசி ஸீட்டுப் பிள்ளைகளை அடக்கிய குரல் என்னுடையது. நான் "ரூம் டோன்" என்று இழுத்துக் கத்தினால் கீழே நர்ஸ் வகுப்பில்கூட யாரும் அசைய மாட்டார்கள் என்று கேலி செய்வார்கள்.

எங்கள் டைரக்டர் கோல்பி. பண்ணை வீட்டிலிருந்து வருகிற வெள்ளைக்காரப் பையன், இருபத்திரண்டு வயது, தலையில் எப்போதும் ஒரு அழுக்குத் தொப்பி. என்னை மரியாதையாக மிஸ் வெர்னெட்டா என்றுதான் கூப்பிடுவான். நல்ல பையன், ஆனால் சினிமாப் பைத்தியம். இறுதித் தேர்வுக்கு அவன் எழுதிய கதையில் வேலை போன ஒருவன் கடையைக் கொள்ளையடிக்கப் போகிறான், போய் நின்றதும் மனசு வராமல் தவிக்கிறான். நடிக்க ஆள் கிடைக்கவில்லை. என்னை அழைத்துப்போக வந்த கெல்வினைப் பார்த்ததும் கோல்பி அவனை விடவில்லை.

கெல்வினுக்கு நடிப்பு வந்தது, அதுதான் ஆச்சரியம். கேமரா முன்னால் அவன் முகம் அப்படியே மாறிவிடும். ஆனால் 'கட்' என்று கேட்டதும் ஒரு கூத்து அடிப்பான். சட்டென்று கேமரா பக்கம் திரும்பி, கையில் இருப்பதோடு இரண்டு கைகளையும் அகல விரித்து, "எப்படி இருந்துச்சு?" என்பான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இதே கதைதான். நாங்கள் கைதட்டாமல் விடமாட்டான்.

ரூம் டோன் மட்டும் முதலில் அவனுக்கு வரவில்லை. நிற்கச் சொன்னால் மூக்கைச் சொறிவான். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் வைத்து நான் விட்ட டோஸில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டான். நான் "எடுத்தாச்சு" என்று சொல்ல மறந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே நிற்பான். ஒஹாயோவிலேயே நல்ல சிலை நான்தான் என்று பெருமை வேறு.

துப்பாக்கி விஷயத்தில் நான் சண்டை போட்டேன். பொம்மைதான், ஆனால் நிஜம் போலவே இருந்தது. பொம்மை என்று தெரிவதற்காக அதன் நுனியில் ஆரஞ்சு நிறம் இருக்கும். கேமராவில் அது பளீரென்று தெரிகிறது என்று கோல்பி கறுப்பு டேப் சுற்றிவிட்டான். என் தம்பி கையில் இதைக் கொடுக்காதே என்றேன். காலேஜ் காவலர்களிடம் சொல்லி அனுமதி வாங்கியாயிற்று, நம் வளாகத்து கார் நிறுத்தத்தில்தானே எடுக்கப் போகிறோம் என்றான். அங்கே போலீஸ் வந்தாலும் அவர்களுக்குத் தெரியும் என்று காலேஜ் காவலர்களும் சொன்னார்கள். கெல்வின் வேறு, ஒரு படமாவது முடிச்சுக் காட்டணும்க்கா என்று கெஞ்சினான். விட்டுவிட்டேன்.

நவம்பர் மாதத்துப் பிற்பகல். நாங்கள் போனபோது நர்ஸ்களுக்கு ஏதோ பரீட்சை, கார் நிறுத்தத்தில் ஊசி குத்த இடமில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கோல்பி சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தான். அங்கே மூடிப்போன பெரிய கடை ஒன்று, அதன் முன்னால் காலியான மைதானம் மாதிரி ஓர் இடம். இதுதான் வேண்டும், இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று குதித்தான். சாலையைத் தாண்டினால் காலேஜ் வளாகம் முடிந்துவிடுகிறது, அனுமதியும் அதோடு முடிந்துவிடுகிறது. அது அந்த நேரத்தில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. வெளிச்சம் போகிறது என்றால் சினிமாக்காரனுக்குக் கண் தெரியாது.

இன்னொரு யோசனையும் அவனுக்கு வந்தது. இடம் வெறிச்சென்று இருக்க வேண்டும், சுற்றிலும் நம் ஆள் ஒருவர்கூடத் தெரியக்கூடாது, நாம் தூரத்தில் வேனுக்குள் மறைந்துகொண்டு கண்ணாடி வழியாக எடுப்போம் என்றான். வேன் எங்கள் கேமராக்காரப் பெண் மாரிசெல்லின் மாமாவுடையது, பெயிண்ட் டப்பா ஏற்றுகிற வண்டி. நாங்கள் மூவரும் அதற்குள் குந்திக்கொண்டோம். கெல்வினின் கோட்டுக்குள் சட்டையில் குட்டி மைக்கைக் குத்தியிருந்தேன். அவன் மூச்சு விடுவதுகூட என் ஹெட்ஃபோனில் கேட்கும். நான் பேசுவது அவனுக்குக் கேட்காது. அது ஒருவழிப் பாதை.

முதல் ஷாட்டில் அவன் துப்பாக்கியைத் தவறவிட்டான். கீழே விழுந்து டேப் பிரிந்துவிட்டது. கோல்பி ஓடிப்போய் ஒட்டிவிட்டு, எது நடந்தாலும் இதைக் கீழே மட்டும் போடாதே அண்ணா என்று சொல்லிவிட்டு வந்தான்.

இரண்டாவது ஷாட். கெல்வின் மெதுவாக நடந்து போனான். மூடிய கடையின் கதவுக்கு எதிரே, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துத் தரையைப் பார்த்தபடி பிடித்தான். என் காதில் அவன் மூச்சு கனமாக இறங்கி ஏறியது. அழப் போகிறவன் மூச்சு. என் தம்பியா இது என்று எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் டயர் சத்தம். முதலில் எங்கோ சாலையில் என்று நினைத்தேன், ஷாட் கெட்டதே என்று எரிச்சல்கூடப் பட்டேன். அடுத்த நொடி இரண்டு போலீஸ் கார்கள் மைதானத்துக்குள் திரும்பி நின்றன. சாலையில் போன யாரோ பார்த்துப் போன் பண்ணியிருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்கு முன்னால் துப்பாக்கியோடு ஒரு கறுப்பு ஆள். கேமரா இல்லை, கூட்டம் இல்லை, விளக்கு இல்லை.

கதவுகள் திறந்தன. கதவுக்குப் பின்னால் நின்றபடி இருவர் துப்பாக்கியை நீட்டினார்கள். ஒருவர் நரைத்தவர், இன்னொருவர் இளவட்டம். அவர்கள் கத்தியது கெல்வினின் மைக் வழியாக என் காதுக்குள்ளேயே விழுந்தது.

"அசையாதே! துப்பாக்கியைக் கீழ போடு! கீழ போடுடா!"

கையைத் தூக்குடா, தூக்கிக் காட்டுடா என்று மனசுக்குள் கதறினேன். அம்மா சொல்லிக் கொடுத்தாளே. அவன் தூக்கவில்லை. அவன் மூக்கிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த சத்தம், சிரிப்பை அடக்கும்போது வருவது. அது காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

போன வாரம் சமையலறைக் காட்சி எடுத்தபோது கோல்பி அவனிடம் சொல்லாமல் மாரிசெல்லை விட்டுக் கதவைத் தடதடவென்று இடிக்கச் சொன்னான். கெல்வின் நிஜமாகவே திடுக்கிட்டான், ஷாட் பிரமாதமாக வந்தது, ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். கோல்பி நாடக வகுப்புப் பையன்களுக்கு போலீஸ் உடுப்பு மாட்டிக் கூட்டி வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டான். திரும்பிப் பார்க்காமல், துப்பாக்கியைக் கீழே போடாமல், கதையில் எழுதியிருந்த வசனத்தைத் தழுதழுத்த குரலில் சொன்னான்.

"நான் இன்னும் எதுவும் பண்ணல. என்னை விட்டுடுங்க."

"கடைசித் தடவை சொல்றேன்!" என்றது இளவட்டத்தின் குரல். அந்தக் குரல் நடுங்கியது. நடுங்குகிற குரலின் விரல் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாரிசெல் கேமராவை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். கோல்பியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவன் ஜன்னலை இறக்கி வாயைத் திறந்தான், என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். 'கட்' என்று கேட்டால் கெல்வின் என்ன செய்வான்? சட்டென்று திரும்புவான். கையில் துப்பாக்கியோடு இரண்டு கைகளையும் விரிப்பான். எப்படி இருந்துச்சு என்று கேட்க அவனுக்கு வாயிருக்காது.

சினிமா, பொம்மை என்று கத்தினாலும் அவன் என் குரல் கேட்டுத் திரும்பிப் பார்ப்பான். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவான். திரும்பவே கூடாது. விரல்கூட அசையக்கூடாது. அசையாமல் நிற்க வைக்கிற வார்த்தை ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

வேன் கதவை இழுத்துத் திறந்து, ஹெட்ஃபோனும் கழுத்துமாக, இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தேன்.

"ரூம் டோன்! யாரும் அசையக்கூடாது!"

கெல்வின் உறைந்தான்.

இளவட்டத்தின் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. அதன் குழலின் ஓட்டை எனக்குத் தெரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. தொடை வழியாகச் சூடாக ஏதோ இறங்கியது. வெட்கமெல்லாம் பிறகுதான் வந்தது. தரையில் படு என்றார்கள். படுத்தேன், போன முதுகோடு அப்படியே விழுந்தேன். விழுந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொம்மை ஐயா, நாங்க காலேஜ் பிள்ளைங்க, படம் எடுக்கறோம், அது என் தம்பி, அவன் அசைய மாட்டான், பாருங்க, அசையவே மாட்டான். அதையே எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. ஹெட்ஃபோன் கழுத்திலிருந்து நழுவிக் காதருகே கிடந்தது. அதில் எதுவுமே கேட்கவில்லை. ரூம் டோனில் மூச்சு விடுகிற சத்தம்கூட வரக்கூடாது என்று அவனைத் திட்டியவள் நான்தான். உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், அவர் ஒருவர்தான் என்று தெரிந்தும்.

பிறகு பூட்ஸ் சத்தம். நரைத்தவர் பக்கவாட்டில் வந்து, பின்னாலிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களுக்கு நடுவிலிருந்து துப்பாக்கியை உருவினார். ஹெட்ஃபோனில் அவர் கெட்ட வார்த்தை ஒன்றை மெதுவாகச் சொன்னது கேட்டது. பிளாஸ்டிக்கின் கனம் கையில் தெரிந்திருக்கும். ஆனாலும் கெல்வினைத் தரையில் தள்ளி விலங்கு மாட்டினார்கள். மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான், எதிர்க்கவில்லை.

உன் பேர் என்ன என்று கேட்டார்கள். பதில் இல்லை. அடிபட்டிருக்கிறதா என்றார்கள். பதில் இல்லை. இளவட்டம் மறுபடியும் கத்த ஆரம்பித்தான். கேட்டால் பதில் சொல்லு, வாயில் என்ன, என்று முழங்காலை அவன் முதுகில் ஊன்றினான். நரைத்தவர், இவனுக்குக் காது கேட்காதோ என்றார்.

காதெல்லாம் நன்றாகவே கேட்கிறது. நான் சொல்லவில்லை, அதுதான் விஷயம். அந்தப் பைத்தியக்காரன் என் வார்த்தைக்காகக் காத்துக்கிடக்கிறான். முதுகில் முழங்கால், கையில் விலங்கு, மூக்கு சிமெண்டில், அப்படியும் என் ஒரு நிமிஷத்தைக் கெடுக்காமல் கிடக்கிறான்.

"எடுத்தாச்சு கெல்வின்," என்றேன். அது அவனுக்கு எட்டவில்லை. மறுபடி சொன்னேன். "எடுத்தாச்சுடா என் கண்ணு."

என் காதருகே நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. அதற்குப் பின்னாலேயே அவன் குரல், உற்சாகம் குறையாமல்.

"எப்படி இருந்துச்சு?"

இளவட்டம் முதுகிலிருந்து முழங்காலை எடுத்தான்.

"அக்கா? இவங்க நல்லா பண்றாங்கக்கா. இந்தத் தம்பி முழங்காலைக் கொஞ்சம் ஜாஸ்தியா அழுத்திட்டாரு, அவ்வளவுதான்." அவன் தலையைத் திருப்பி என்னைத் தேடினான். நான் தரையில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். "அக்கா, நீ எதுக்குப் படுத்திருக்க? இவங்க நம்ம ஆளுங்கதானே?"

அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இல்லை என்று சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இளவட்டம் தன் துப்பாக்கியை உறைக்குள் செருக இரண்டு மூன்று தடவை முயற்சி செய்தான், அது உறையின் விளிம்பில் இடித்து இடித்துத் தவறியது. கெல்வின் படுத்தபடியே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெட்ஃபோனில் அவன் மூச்சு வேறு மாதிரி ஆயிற்று.

அதற்குப் பிறகு பெண்டர் கோட்டுகூடப் போடாமல் சாலையைத் தாண்டி ஓடி வந்தார். காலேஜ் காவலர்கள் வந்தார்கள். கோல்பி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நரைத்தவர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துத் திட்டினார். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும், உயிரோடு இருக்கிறவர்களைத்தானே திட்ட முடியும். இளவட்டம் கார் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். விலங்கைக் கழற்றினார்கள். போங்கள் என்றார்கள்.

காரை நான்தான் ஓட்டினேன். அம்மாவிடம் என்ன சொல்வது, சொல்லாமல் விட்டால் என்ன என்று ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. கெல்வின் பக்கத்து ஸீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் எதிரே கண்ணாடிக்குக் கீழே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்து வைத்திருந்தான். அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவன் கையை எடுக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஏதோ வறுக்கிற வாசம் வந்தது.

"வீடு வந்துடுச்சுடா," என்றேன்.

அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"கெல்வின். எடுத்தாச்சுடா."

அவன் விரல்கள் அப்படியே விரிந்திருந்தன. நான் இன்னொரு தடவை சொன்னேன், அழுதுகொண்டே இன்னொரு தடவையும் சொன்னேன். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, என் கைகளையும் கொண்டுபோய் அவன் கைகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.